பத்து வேரும் ஒரு பச்சை மதுவும்



பிரான்சு நாட்டு மலைப்பகுதியில் கார்த்தூசியத் துறவிகள் 130 தாவரங்களைக் கொண்டு ‘சார்ட்ரூஸ்’ என்ற பச்சை மது தயாரிக்கிறார்கள். 1605-இல் கிடைத்த சுவடிதான் அதற்கு மூலம். முதலில் மருந்தாகத்தான் விற்றார்கள். இன்று கேட்பவர்கள் ஏராளம். ஆனாலும் உற்பத்தியைக் கூட்டுவதில்லை என்று அவர்கள் முடிவெடுத்தது 2023-இல் பெரிய செய்தியானது. ஜெபமும் தனிமையும்தான் அவர்களுக்கு முக்கியமாம்.

நம் தசமூலாரிஷ்டம் அதற்குத் தூரத்துச் சொந்தம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்போமே, அதுதான். அதிலும் ஆல்கஹால் உண்டு, புளிக்கும்போது தானே உண்டாவது. (லேபிளைப் பாருங்கள், பாட்டிமார் கோபிக்க வேண்டாம்!)

என் கவலை வேறு. அதன் பத்து வேர்களில் ஐந்து, நெருஞ்சி, கண்டங்கத்திரி போன்ற சிறு செடிகளுடையவை. மற்ற ஐந்தும் வில்வம், பாதிரி, பெருங்குமிழ் என்று பெரிய வகை. இலையைப் பறித்தால் துளிர்க்கும். வேரைத் தோண்டினால் மரமே போச்சு. திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த பாதிரி மரத்தை உங்களில் எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறீர்கள்?

வேர் காட்டில் தோண்டியதா, தோட்டத்தில் வளர்த்ததா என்று சீசாவிலேயே அச்சிட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.