கேட்டு எழுதிய குற்றம்

தோட்ட மேற்பார்வையாளரின் மகள், படித்து ஆசிரியையும் ஆகிவிட்டால், அத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் 1946இல் பிறந்த ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் அப்படி இருக்கவில்லை. வேலையை உதறி இளந்தொழிலாளரிடையே இறங்கினார். நெசவாலைத் தொழிலாளரை ஒன்றுதிரட்டப் பாடுபட்டார். 1991இல் தெனாகானித்தா அமைப்பைத் தோற்றுவித்தார்.

அவர் கையாண்ட முறை நம் கிளைக் காரியதரிசிகள் அறிந்ததுதான். ஆளைத் தேடிப் போவது, உட்கார்ந்து கேட்பது, சொன்னதை எழுதிக்கொள்வது. முந்நூறுக்கு மேற்பட்ட அந்நியத் தொழிலாளரை இப்படியே விசாரித்து, தடுப்பு முகாம்களில் அடியும் பட்டினியும் நோயும் சாவும் நேர்ந்ததாக அவர்கள் சொன்னதை 1995இல் அறிக்கையாக்கினார்.

கிடைத்த பரிசு என்ன? பொய்ச்செய்தி வெளியிட்டதாக 1996இல் வழக்கு! விசாரணை மட்டும் ஏழாண்டு இழுத்தது. 2003இல் ஓராண்டுச் சிறை என்றது தீர்ப்பு. மேல்முறையீடு முடியுமுன்பே, 2005இல், ரைட் லைவ்லிஹூட் விருது அவரைத் தேடி வந்தது. உயர்நீதிமன்றம் அவரை விடுவித்ததோ 2008இல்தான். 2014இல் அம்மையார் மறைந்தார்.

இன்று பல தோட்டங்களில் பெரட்டுக் களத்தில் நமக்கு அடுத்து நிற்பவன் வங்காளதேசத்தான் அல்லது இந்தோனேசியன். "இவனால்தான் நம் கூலி ஏறவில்லை" என்று லயத்தில் முணுமுணுப்பு கேட்கிறது. கூலியை அமுக்குபவன் அவனா, அவனைக் குறைந்த கூலிக்கு அமர்த்துபவனா? கடன்பட்டுக் கப்பலேறி வந்த நம் பாட்டனைப் பற்றியும் அன்று இப்படித்தானே பேசியிருப்பார்கள்!

சங்கத்தில் அங்கத்தினனாகச் சேர அவனுக்குச் சட்டத்தில் தடையில்லை. தோழர்களே, உங்கள் கிளையில் அவனிடம் இதைச் சொன்னவர் எத்தனை பேர்?