குற்றம் புரிந்த குடியேறியை நாடு கடத்தலாமா?

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனை அந்த வீட்டிலேயே வைத்திருக்கலாமா? யாரைக் கேட்டாலும் "கூடாது" என்றே விடை வரும். அடைக்கலமும் வேலையும் தந்த நாட்டில் கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை போன்ற கொடுங்குற்றங்களைப் புரிந்த அயல்நாட்டவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று பல நாட்டு மக்கள் கூறுவதும் இதனால்தான். அவர்களைக் கல்நெஞ்சர் என்று நாம் பழிக்க மாட்டோம். பாதிக்கப்பட்ட பெண்ணின் கண்ணீரும் கண்ணீர்தானே!

ஆயினும், மக்கள் கருத்து என்பது ஒரே நாளில் கூறி முடியும் சொல் அன்று. இதற்கு சுவிட்சர்லாந்து நல்லதோர் எடுத்துக்காட்டு. அங்கு வாழ்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர். முக்கியமான கேள்விகளுக்குக் குடிமக்களே நேரடியாக வாக்களித்து விடை கூறுவது அந்நாட்டு வழக்கம்.

2007ஆம் ஆண்டில் சுவிஸ் மக்கள் கட்சி ஒரு சுவரொட்டியை வெளியிட்டது. நாட்டுக் கொடியின் மேல் நிற்கும் வெள்ளை ஆடுகளில் ஒன்று, கறுப்பு ஆடு ஒன்றை உதைத்து வெளியே தள்ளுகிறது. 2010 நவம்பர் 28 அன்று நடந்த வாக்கெடுப்பில், குற்றம் புரிந்த அயல்நாட்டவரை வெளியேற்றும் திட்டத்துக்குச் சுமார் 53 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர்.

அந்தப் படத்தைப் பார்க்கும் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது: அந்தக் கறுப்பு ஆடும் அதே தொழுவத்தில் பிறந்த குட்டியாக இருந்தால்? சுவிட்சர்லாந்தில் பிறந்துவிட்டதால் மட்டும் ஒரு குழந்தைக்குக் குடியுரிமை கிடைத்துவிடாது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிச் சென்ற தமிழரின் பிள்ளைகளும் அங்கே பிறந்து வளர்ந்திருக்கின்றனர். அங்கேயே படித்து, அந்நாட்டு மொழியையே பேசி வளர்ந்த ஒருவனை, அவன் கண்ணால் கண்டிராத நாட்டுக்கு "உன் ஊருக்குப் போ" என்று அனுப்புவது எப்படி?

இதை எண்ணித்தான் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது, மிகக் கடுமையான துன்பம் நேருமானால் நீதிபதி விலக்கு அளிக்கலாம் என்று இடம் வைத்தது. அக்கட்சி அதை ஏற்கவில்லை. விலக்கே கூடாது என்றும், முன்பே தண்டனை பெற்றவர் சிறிய குற்றம் செய்தாலும் வெளியேற்ற வேண்டும் என்றும் மீண்டும் மக்களிடம் சென்றது. தொடக்கத்தில் ஆதரவே மிகுந்திருந்தது. சட்டப் பேராசிரியர்களும் மாணவர்களும் பொதுமக்களும் அதன் விளைவுகளை எடுத்துக் கூறினர். 2016 பிப்ரவரி 28 அன்று சுமார் 59 விழுக்காட்டினர் "வேண்டாம்" என்று வாக்களித்தனர்!

அவர்கள் குற்றவாளிகளுக்குப் பரிந்து பேசினார்களா? இல்லை. 2016 அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கொடுங்குற்றம் புரிந்த அயல்நாட்டவர் 5 முதல் 15 ஆண்டுகள் வரை வெளியேற்றப்படுகின்றனர். அதை அவர்கள் மறுக்கவில்லை. நீதிபதியின் கண்ணைக் கட்டுவதைத்தான் மறுத்தார்கள்.

நம் கருத்தும் இதுவே. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். கொடுங்குற்றம் புரிந்தவர் தண்டனை பெறட்டும். அண்மையில் வந்தவராயின் நாட்டை விட்டும் செல்லட்டும். ஆனால் ஒவ்வொருவர் வழக்கும் தனித்தனியே கேட்கப்பட வேண்டும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாகாது.

தோழியரே, வகுப்பில் ஒரு பொருள் காணாமற்போனால், புதிதாகச் சேர்ந்த மாணவியை நோக்கியே நம் கண்கள் முதலில் திரும்புகின்றன அல்லவா? அவள் தவறே செய்திருந்தாலும், அவள் சொல்வதை ஒருமுறை கேட்ட பிறகு தீர்ப்புக் கூறப் பழகுவோம். நாளை வாக்குச்சீட்டு நம் கைக்கு வரும்போது, அந்தப் பழக்கம் நமக்குத் துணை நிற்கும்.