முந்திரி வாரியம்: வாக்காளர் பட்டியலில் யார் யார்?

2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில், 10 கோடி ரூபாயில் தமிழ்நாடு முந்திரி வாரியம் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் பெண்கள் கொட்டையை வறுத்து உடைத்து விற்பதைத் தினமும் பார்க்கிற நம் மாவட்டத்துக்கு, 2018 நவம்பரில் கஜா புயலுக்குத் தோப்பு தோப்பாக மரங்களைப் பறிகொடுத்த மாவட்டத்துக்கு, இது நல்ல சேதிதான். வாரியம் வேண்டுமா, அதன் வேலை என்ன, செலவில் நம் பங்கு உண்டா என்பதை விவசாயியிடம் வாக்காகவே கேட்டுவிட்டால் என்ன? நிதிநிலை அறிக்கைக்கு முன் கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்கிறார்கள், சரி. ஆனால் கருத்துக்கேட்பு வேறு, வாக்கெடுப்பு வேறு.

நம் நாட்டில் விவசாயி தானாகப் போய்த்தான் வாக்குச்சீட்டில் ஏறியிருக்கிறான். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்று வாக்குச்சீட்டையே புத்தகமாக்கினார்கள். பெரும்பாலோர் குறைகளைக் கேட்க ஆளில்லாத விவசாயிகள். 2019இல் நிஜாமாபாத்தில் 185 வேட்பாளர்களில் 170க்கும் மேற்பட்டோர் விவசாயிகள். அவர்களின் முதன்மைக் கோரிக்கை மஞ்சள் வாரியம். அது 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. இடையில் ஆறு வருடம் போயிற்று.

நியூசிலாந்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பயிருக்குத் தீர்வை பிடிக்க வேண்டுமானால் முதலில் சாகுபடியாளர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். தலைக்கணக்கிலும் பெரும்பான்மை வேண்டும், விளைச்சல் கணக்கிலும் வேண்டும். பிரிட்டனில் 2021இல் வாக்களித்த தோட்டக்கலை விவசாயிகளில் 61 சதவீதத்தினரும் உருளைக்கிழங்கு விவசாயிகளில் 66 சதவீதத்தினரும் தீர்வை வேண்டாம் என்றார்கள், அது நின்றது. கேட்டால் இப்படியும் பதில் வரும். அதற்கும் தயாராக இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.

நம் சிக்கல் வாக்காளர் பட்டியலில் தொடங்குகிறது. குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். வானம் பார்த்த பூமி. ஏரிக்குக் கீழே நெல், மேட்டில் மானாவாரிக் கடலை, கொஞ்சம் உளுந்து, வரப்போரமாகப் பத்துப் பதினைந்து முந்திரி மரம் என்று வைத்திருப்பவரை எந்தப் பயிரின் விவசாயி என்று எழுதுவது? அடங்கலைப் பார்த்தால் நெல்லும் கடலையும் இருக்கும், வரப்பு மரம் இருக்காது. பட்டாதாரர் திருப்பூரில் இருப்பார், மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஊரில் இருப்பார். வனத்தோட்டக் கழகக் காட்டில் மகசூலைக் குத்தகை எடுப்பவருக்கு நிலமே கிடையாது. சுடுகொட்டையின் எண்ணெயில் கை வெந்துபோகும் பெண்களோ எந்தப் பதிவேட்டிலும் விவசாயி ஆக மாட்டார்கள். ஆனால் கொட்டையின் விலை விழுந்தால் முதலில் அடி வாங்குவது இவர்கள்தான்.

தலைக்கு ஒரு வாக்கு மட்டும் என்றால் பெரிய தோப்புக்காரர் ஒதுங்கிவிடுவார். விளைச்சல் கணக்கு மட்டும் என்றால் வரப்போர மரக்காரருக்கு வேலையே இல்லை. இரண்டையும் எண்ணும் நியூசிலாந்து முறை நமக்கும் பொருந்தும் என்பது இந்த இதழின் கருத்து. வறுத்து உடைக்கும் பெண்களுக்கு வாரியத்தில் தனி இடங்கள் ஒதுக்கி, அவற்றுக்கான பிரதிநிதிகளை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கிராம சபையில் கை தூக்கச் சொல்வதை மட்டும் ஏற்க முடியாது. முன்பணம் கொடுத்த வியாபாரி எதிரே உட்கார்ந்திருக்கும்போது தூக்கிய கை யாருடையது? ரகசிய வாக்கு நமக்குப் புதிதும் அல்ல. 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு விவசாயிகள் ஏற்கெனவே வாக்களித்திருக்கிறார்கள்.

அப்படியொரு வாக்கெடுப்பு வந்தால் பட்டியல் எடுக்கும் வேலை நம் வாசகர்களான தோட்டக்கலை உதவி அலுவலர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் தலையில்தான் விழும். அலுவலகத்தில் அடங்கலைப் புரட்டி எடுக்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் கொட்டை விழும்போது தோப்புக்குப் போய், மரத்தடியில் பொறுக்குகிறவரிடமே மரம் யாருடையது, மகசூல் யாருக்கு, கொட்டையை யாரிடம் போடுகிறீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.