பிளக் மாற்றவும் ஆள் வேண்டுமா?

எழுபது தாண்டிவிட்டால் சொந்தக் காரின் பானெட்டைக்கூடத் திறக்கக்கூடாதா? "பிளக் ஆழத்துல இருக்கு சார், நீங்க கை வைக்காதீங்க" என்றார்கள் ஒரு ஒர்க்‌ஷாப்பில். கேட்ட கூலியோ பிளக் விலையைவிட அதிகம். பென்ஷன்காரனுக்கு இது சின்ன விஷயமல்ல.

பள்ளியில் நான் படித்த பிரெஞ்சில் ஸ்பார்க் பிளக்குக்கு 'பூஜி' என்று பெயர். மெழுகுவர்த்திக்கும் அதே சொல்தான். மாருதி ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, அந்த மூன்று பிளக்கையும் வீட்டு வாசலிலேயே மாற்றியவர்கள் நம்மில் எத்தனை பேர்! இன்றைய பல கார்களில் பிளக் குழிக்குள், காயிலுக்கு அடியில் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வேண்டியவை: நன்றாக ஆறிய எஞ்சின், பிளக் சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், ஒரு சாண் ரப்பர் குழாய். கழற்றுமுன் குழியிலுள்ள மண்ணைக் காற்றடித்து எடுங்கள். இல்லையென்றால் சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்கின் மேல்முனையில் ரப்பர் குழாயைச் செருகி, விரலால் திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய்தான் வழுக்கும். அலுமினிய ஹெட்டின் மரை பிழைக்கும். கடைசி இறுக்கத்துக்கு மட்டும் சாக்கெட், அதுவும் அளவோடு.

இதில் பலத்துக்கு என்ன வேலை? பொறுமைதான் வேண்டும். ரிட்டயரான நமக்கு நேரத்துக்கா பஞ்சம்? குனிய முடியாதவர்கள், கை நடுங்குகிறவர்கள் வெளியே கொடுங்கள், தவறில்லை. ஆனால் தெரிந்த வேலையை, வயதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களிடம் விட்டுக்கொடுக்காதீர்கள்.