கடைசியாகக் கிளம்புங்க, ஸார்!

ஓட்டப்பந்தயம் என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். எல்லோரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். விசில் ஊதியதும் ஓடுவார்கள். நெட்டைக்காலன் ஒருத்தன் ஜெயிப்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு சர்பத் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ பக்கத்தில் 'டிப்ஸீ' என்று ஒரு பந்தயம் நடக்கிறது. (பெயரைக் கேட்டு சந்தோஷப்பட வேண்டாம். கடலோரத்தில் அந்தக் காலத்தில் இருந்த விடுதியின் பெயர் அது!) மில்வேலி என்ற சின்ன ஊரில் ஆரம்பித்து, மலை ஏறி இறங்கி, ஸ்டின்ஸன் கடற்கரையில் முடிகிறது. சுமார் 12 கிலோமீட்டர். 1904-ல் இரண்டு பேர், 'யார் முதலில் அந்த விடுதிக்குப் போய்ச் சேருகிறான், பார்த்துடலாம்' என்று பந்தயம் கட்டி ஓடினார்கள். 1905-லிருந்து அது முறையான போட்டியாகிவிட்டது.

விஷயம் இனிமேல்தான். இங்கே எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. வயசையும், ஆணா பெண்ணா என்பதையும் பார்த்து நிமிடக் கணக்கில் சலுகை தருகிறார்கள். தாத்தா, பாட்டி, பொடிசுகள் எல்லாம் முதலில் கிளம்பலாம். அதிகபட்சம் 25 நிமிடம். பின்னாலேயே நிமிடத்துக்கு ஒரு கோஷ்டி. கடைசி கோஷ்டி யார் தெரியுமோ? இருபது சொச்சம் வயசு ஆண்கள். அதாவது, நீங்கள்! உங்களுக்குச் சலுகை பூஜ்யம். ஆனால், யார் முதலில் கோட்டைத் தொடுகிறாரோ, அவர்தான் சாம்பியன். கடிகாரப்படி வேகமாக ஓடியவருக்குத் தனியாக ஒரு பரிசு உண்டு.

பாதை லேசுப்பட்டதல்ல. ஊர்த் தெரு முடிவதற்குள் சுமார் 680 படிக்கட்டு. (லிஃப்ட் ரிப்பேர் என்றால் லீவ் லெட்டர் எழுதுகிறவர்கள் கவனிக்க!) அப்புறம் காட்டுவழி. ஒரு மேட்டுக்குப் பெயர் 'டைனமைட்'. அடுத்ததற்குப் பெயர் 'கார்டியாக்', காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'அப்பாடா, முடிஞ்சுது' என்று பெருமூச்சு விடும்போது கடைசியில் ஒரு குட்டி மேடு வரும். அதன் பெயர் 'இன்சல்ட்'!

சரி, ஜெயித்தது யார்? 2010-ல் 8 வயதுச் சிறுமி. 2012-ல் 72 வயது மனிதர். ஜாக் கிர்க் என்பவர் 1930-ல் ஓட ஆரம்பித்து, 1951-ல் ஜெயித்து, 1967-ல் 60 வயதில் மறுபடியும் ஜெயித்தார். தொண்ணூறைத் தாண்டியும் விடவில்லை மனுஷன்.

"சலுகை வாங்கி ஜெயிக்கிறது ஒரு ஜெயிப்பா?" என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1918-ல் பெண்களுக்கும் இதே பாதையில் போட்டி வைத்தார்கள். ஓட்டம் பெண்கள் உடம்புக்கு ஆகாது என்று நினைத்த காலம். அதனால் 'நடைப்பயணம்' என்று நாசூக்காகப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெண்களோ ஓடினார்கள்! 1922-க்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. ஆண்களோடு சேர்ந்து முறைப்படி ஓட 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு காக்க வைத்துவிட்டு, இப்போது சில நிமிடம் முன்னால் அனுப்பினால் வயிறு எரிகிறதாக்கும்!

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் சாக்குச் சொல்ல வழியில்லை. 'வயசாயிடுச்சு' என்றால், "இந்தாங்க நிமிடம், ஓடுங்க" என்கிறார்கள். ஒருமுறை ஜெயித்துவிட்டால், சலுகையில் கையை வைத்துக் குறைத்தும் விடுகிறார்கள். கோட்டைத் தொடும்வரை ஜெயிப்பது யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது. முன்னால் போகிற பாட்டிக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது. பின்னால் வருகிற இளைஞனுக்கோ, முன்னால் ஆயிரத்துச் சொச்சம் முதுகு தெரிகிறது.

ஆகவே, இருபதுகளில் இருக்கும் வாசக நண்பரே... பூஜ்ய நிமிடம் என்பது அவமானமில்லை. 'இவனுக்கு ஒன்றும் தர வேண்டாம், எல்லாம் இவனிடமே இருக்கு' என்று ஊரே கொடுக்கிற சர்டிஃபிகேட் அது. வருஷம் ஆக ஆக நிமிடம் கூடிக்கொண்டே போகும். அதற்குள் எழுந்து, தெருமுனை வரைக்கும் ஓடிப் பாருங்கள்.

டீக்கடை வரைக்கும் என்றாலும் சரி. ஆனால், பைக்கில் போகக் கூடாது!