வேலிக் காந்தளைத் தோண்டாதீர்கள்

கொடைக்கானல் என்றதும் நம் நினைவுக்கு வரும் பூ குறிஞ்சி. 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும் என்று விரல்விட்டு எண்ணிக் காத்திருக்கிறோம். பழனி மலைக்கு இன்னொரு பூவும் உண்டு. அது ஆண்டுதோறும் பூக்கிறது. அதனால்தானோ என்னவோ, அதற்கு அவ்வளவு மரியாதை இல்லை. செங்காந்தளைத்தான் சொல்கிறேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களின் வரிசை காந்தளில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே.

கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை வழியாகப் பழனிக்கு இறங்கி, கிழக்கே ஒட்டன்சத்திரம் நோக்கிச் செல்லுங்கள். மழைக்காலமாக இருந்தால், கம்பிப் பந்தல்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்த வயல்களைக் காணலாம். உழவர்கள் இதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். பூவைப் பார்த்தாலே கண்வலி வரும் என்பது வெறும் நம்பிக்கை. ஆனால் கிழங்கு, விதை, இலை எல்லாமே கொடிய நஞ்சு என்பது உண்மை.

அந்த நஞ்சுக்காகத்தான் இதைப் பயிரிடுகிறார்கள். விதையில் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்ணிழைகள் உருவாக விடாமல் இது தடுக்கிறது. குரோமோசோம்கள் இரட்டித்த பின்னும் செல் பிரியாமல் நின்றுவிடுகிறது. 1937-இல் பிளேக்ஸ்லீ, ஏவரி என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் இதைக் கொண்டு செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிக்கலாம் என்று காட்டினார்கள். விதையில்லாத் தர்பூசணி பிறந்தது அந்த வழியில்தான். கீல்வாதத்துக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் இம்மருந்தைச் சிறு அளவில் மாரடைப்பைத் தடுக்கவும் பயன்படுத்தலாம் என்று 2023-இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதித்தது. எனவே விதைக்கு நல்ல விலை உண்டு.

விலை உயர்ந்த இவ்விதை எளிதில் கிடைப்பதில்லை. காந்தள் பூவைக் கவனித்துப் பாருங்கள். ஆறு இதழ்களும் நெளிநெளியாக மேல்நோக்கி மடிந்திருக்கும். ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்தின் ஆரங்கள்போல் விரிந்திருக்கும். சூல்தண்டோ அடியிலேயே ஒடிந்ததுபோல் மடங்கி, ஒரு பக்கமாகத் தனியே நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் தானாகச் சூல்முடியில் விழ வழி குறைவு. பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்து சேர்த்துவைக்க வேண்டும். வயல் நிறையப் பூத்திருக்கையில் அத்தனை விருந்தாளிகளுக்கு எங்கே போவது? ஆகவே காலை வேளையில் ஆணும் பெண்ணுமாக வயலில் இறங்கி, ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைத் தொட்டுச் சூல்முடியில் வைக்கிறார்கள். பட்டாம்பூச்சியின் வேலையை மனிதர் கூலிக்குச் செய்கிறார்கள்!

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

இந்தக் கொடியை நடுவது கிழங்கை வைத்துத்தான். கலப்பைபோல் கவைத்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் இதற்கு ஒரு பெயர். கவையின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே ஒரு முளை. அது ஒடிந்தால் கிழங்கு முளைக்காது. பழைய கிழங்கு வற்றி, அதனிடத்தில் புதிய கவைக்கிழங்கு உருவாகும். ஆக, ஆண்டுக்கு ஒன்று இரண்டாகலாம். அதற்கு மேல் இல்லை. நீர் தேங்கினால் அதுவும் அழுகிவிடும். ஓர் ஏக்கருக்கோ பல நூறு கிலோ கிழங்கு வேண்டும். பிறகென்ன, மலைச்சரிவிலும் வேலியோரத்திலும் தானாக வளர்ந்த காந்தளைத் தோண்டிவந்து விற்கிறார்கள்.

இது நட்டக் கணக்கு என்பது என் கருத்து. ஒரே கிழங்கிலிருந்து பிரித்துப் பிரித்து நட்டவை எல்லாம் ஒரே செடியின் நகல்கள். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். நோயைத் தாங்கும் வகையோ, கோல்ச்சிசின் மிகுந்த வகையோ நாளை வேண்டுமென்றால் அதை எங்கே தேடுவது? பூச்சிகளும் பறவைகளும் கலந்துவைத்த வேலிக் காந்தள்களில்தான். அந்த வேலியையும் வெட்டிக் கம்பி கட்டுகிறோம். அங்கே தங்கியிருந்த பட்டாம்பூச்சிகளும் போய்விடுகின்றன.

விதையிலிருந்து கன்று வளர்க்கலாமே என்பீர்கள். வளர்க்கலாம். ஆனால் அது பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். கடன் வாங்கி நடும் உழவரை அதுவரை காத்திரு என்று சொல்வது நியாயமில்லை. அவரைக் குறை கூறவும் நான் தயாரில்லை. காத்திருக்க வேண்டியவை பொது நிறுவனங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடைக்கானலிலும், கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசையிலும் ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. அப்படிப்பட்ட இடங்கள் பல ஊர் விதைகளை விதைத்துக் கிழங்காக்கி, குறைந்த விலையில் கொடுக்கட்டும். திசு வளர்ப்பு இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு செடியிலிருந்து எடுத்துப் பெருக்கினால் அதுவும் நகல்தான்.

உங்கள் ஊர் வேலியில் காந்தள் இருந்தால், மழைக்காலத்தில் பத்துப் பூக்களுக்கு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். எந்தப் பூச்சி, எந்தப் பறவை வருகிறது, பத்தில் எத்தனை காயாகிறது என்று குறித்து வாருங்கள். அருகில் வயல் இருந்தால், கையால் மகரந்தம் வைத்த பத்துப் பூக்களையும் உழவரைக் கேட்டு எண்ணி ஒப்பிடுங்கள். பறிக்க வேண்டாம், வாயில் வைக்கவே வேண்டாம். தொட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.