அணு ஆயுத வருணாசிரமம்

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் பிறந்த தேதியைப் பார்த்துத்தான் தகுதி கொடுக்கிறது. 1967 ஜனவரி 1க்கு முன்பே குண்டை வெடித்துக் காட்டிய ஐந்து நாடுகள் அணு ஆயுத நாடுகள். மற்றவர்கள் அதைத் தொடக்கூடாது. இதற்குப் பெயர் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1998இல் பொக்ரான் சோதனை முடிந்த கையோடு, ஜஸ்வந்த் சிங் அமெரிக்க இதழ் ஒன்றில் இந்த ஏற்பாட்டை ‘அணு நிறவெறி’ என்று கண்டித்து எழுதினார். சரியான சொல்தான். ஆனால் 2001இல் டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு கூடியபோது, சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன. அது உள்நாட்டு விவகாரம் என்று முட்டுக்கட்டை போட்டது இந்திய அரசு. அப்போது வெளியுறவு அமைச்சர் அதே ஜஸ்வந்த் சிங். குண்டுக்குச் சமத்துவம் வேண்டும், சேரிக்கு வேண்டாம்!

2008இல் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்கு மட்டும் தனி விலக்கு அளித்தது. நிறவெறிப் பேச்சு அடங்கிவிட்டது. 2017இல் அணு ஆயுதங்களை எல்லோருக்குமே தடை செய்யும் ஒப்பந்தத்துக்கு 122 நாடுகள் வாக்களித்தன. இந்தியா அந்தப் பேச்சுவார்த்தைக்கே போகவில்லை.

‘வல்லரசுகள் வைத்திருக்கும்போது நாம் மட்டும் ஏன் கைவிட வேண்டும்?’ என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். சாதியை ஒழிப்பது வேறு, மேல்சாதியாக ஏறி உட்கார்வது வேறு. டெல்லி கேட்டது இரண்டாவதை.

அந்த ஏற்றத்தின் விலை நம் கடற்கரையில் இருக்கிறது. புளூட்டோனியம் பெருக்கும் கல்பாக்கம் ஈனுலையை, 2006இல் அமெரிக்காவுடன் பேசி, சர்வதேசச் சோதனைக்கு வெளியே நிறுத்திக்கொண்டது இந்தியா. மேசையின் இரு பக்கமும் அரசுகளே உட்கார்ந்திருந்தன. சுற்றியுள்ள மீனவர்களையும் தலித்துகளையும் யாரும் கேட்கவில்லை. கூடங்குளத்தில் தாங்களாகவே கேள்வி கேட்ட இடிந்தகரை மக்களுக்குக் கிடைத்தது தேசத்துரோக வழக்கு.

நான் எர்ணாவூர்க்காரன். 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் அமோனியா கசிந்தது. கடலுக்கடியில் அப்படியொரு குழாய் போகிறது என்பதே எங்களில் பலருக்கு மூக்கு எரிந்த பிறகுதான் தெரிந்தது. அணுக்கதிருக்கு நெடிகூடக் கிடையாது.

ஆகவே, இந்தியா அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், கல்பாக்கத்தைச் சோதனைக்குத் திறக்க வேண்டும். சாதி ஒழிப்பு இயக்கங்கள் இவற்றைத் தம் கோரிக்கைகளில் சேர்க்கட்டும். படிநிலை எங்கிருந்தாலும் அது நம் பிரச்சினைதான்.